லினக்ஸா, அப்போ அதுதான் கோளாறாம்!

இனிமேல் யாராவது என் லாப்டாப்பைப் பார்த்து "லினக்ஸா? அப்போ அதுதான் கோளாறு" என்று சொல்லட்டும், வாசலோடு திருப்பி அனுப்புகிறேன். ஒன்பது நாள்! ஒரு ஒயர் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிச் சொல்லி ஒன்பது நாள் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

திங்க்பேட் டி420, 2011 மாடல், விண்டோஸுக்குப் பதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். வினாத்தாள், பாடக்குறிப்பு, பிள்ளைகளுக்கு அனுப்பும் பயிற்சி எல்லாமே தமிழ்99 விசைப்பலகை முறையில் இதில்தான் அடிக்கிறேன். ஒரு விசை தேயவில்லை. வைஃபை போதாதா என்று கேட்பவர்கள் மொரீஷியஸில் வீடு கட்டிப் பார்க்காதவர்கள். 1960-ல் கரோல் புயல் தகரக் கூரைகளையும் மரவீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகு இங்கே கான்கிரீட்டை விட்டால் வேறு பேச்சில்லை. கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவே அப்படிப்பட்ட சுவர் இரண்டு. சிக்னல் அங்கேயே செத்துவிடும். அதனால்தான் இணையக் கம்பெனிக்காரர்கள் ஃபைபர் போட வந்த அன்றே ரௌட்டரிலிருந்து அறைக்குக் கேபிள் கேட்டேன். இழுத்தவர்கள் அவர்கள். நுனியில் பிளக் அடித்தவர்களும் அவர்கள்.

போன வாரம் திங்கட்கிழமை நெட் போனது. நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் 'ஐபி லிங்க்' கட்டளையை அடித்தேன், 'நோ-கேரியர்' என்று வந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு இயந்திரம் எப்படிச் சொல்லும்? கார்டு உயிரோடு இருக்கிறது, ஒயரில் எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். ஐபி முகவரி, டிஎன்எஸ் எல்லாம் அதற்கு அப்புறம் வரும் சங்கதி. இயந்திரத்தின் பதிவுகளைக் காட்டும் 'டிமெசெக்' பார்த்தேன். லிங்க் அப், லிங்க் டவுன், மறுபடி அப், மறுபடி டவுன். மேஜையை லேசாகத் தள்ளினால் டவுன், விட்டால் அப்! மேஜையைத் தள்ளினால் லினக்ஸ் கெட்டுப்போகுமா?

இந்த இன்டெல் கார்டின் டிரைவருக்கு 'ஹார்ட்வேர் யூனிட் ஹேங்' என்று, கார்டு அப்படியே உறைந்துபோகும் ஒரு பழைய வியாதி உண்டு. அதையும் தேடினேன், ஒரு வரிகூட இல்லை. யுஎஸ்பியில் வேறொரு லினக்ஸைப் போட்டுத் திறந்தேன், அதிலும் அதே நோ-கேரியர். பழைய பதிவுகளைப் புரட்டினால் மூன்று வாரம் முன்பே வேகம் 1000 மெகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கியிருக்கிறது. ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நாலு போதும். முதலில் ஒரு ஜோடி போயிருக்கிறது, அப்புறம் இன்னொன்று. எங்கள் ஊர் கியூர்பிப்பின் ஈரத்துக்குச் சுவரே பச்சை பிடிக்கும், செம்பு எந்த மூலைக்கு?

கம்பெனியைப் போனில் கூப்பிட்டேன். ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். விண்டோஸ் இல்லை என்றேன். "அப்போ எங்களால் உதவ முடியாது." கேபிள்தான் கெட்டது, கேபிளை மட்டும் பாருங்கள் என்றேன். "விண்டோஸ் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்." மூன்று தடவை, மூன்று ஆள், மூவரிடமும் ஆதியிலிருந்து ராமாயணம். நாலாவது தடவை கத்தினேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் வருவார் என்றார்கள். பள்ளிக்கு லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது மூன்று நாற்பதுக்கு. என் மனைவி வனிலா டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார். லாப்டாப்பைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, எனக்குத் தெரிந்தது. கூடத்துக்குத் திரும்பினார். பையிலிருந்து தன் லாப்டாப்பை எடுத்தார். தன் கேபிளை எடுத்தார். கவனியுங்கள், தன் கேபிளை! மஞ்சள் நிறம், ஒரு மீட்டர் இருக்கும். ரௌட்டரில் ஒரு முனை, தன் லாப்டாப்பில் மறுமுனை. நெட் வந்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "லைன் நன்றாக இருக்கிறது மிஸ்யே. ஒர்தினாதேர் பா போன்."

பா போன்! என் மடிக்கணினி சரியில்லையாம்! நான் சந்தேகப்பட்ட கேபிளைத் தொடவே இல்லை. அது சுவரோரமாக அப்படியே கிடக்கிறது. அதை விட்டுவிட்டு வேறொரு கேபிளில் வேறொரு லாப்டாப்பை மாட்டி, நெட் வருகிறது என்று காட்டிவிட்டு, பழி என் லாப்டாப் மேல். காய்ச்சல் எனக்கு, தெர்மாமீட்டரை அவர் வாயில் வைத்துக்கொண்டால் என் காய்ச்சல் இறங்குமா?

அதே மஞ்சள் கேபிளை என் லாப்டாப்பில் ஒரு நிமிடம் மாட்டுங்கள் என்றேன். சுருட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நிமிடம் என்றேன். அடுத்த வீடு காத்திருக்கிறது என்றார். நான் லாப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ரௌட்டர் பக்கத்தில் நிற்கிறேன், அவர் பையின் ஜிப்பை இழுக்கிறார். போகும்போது, புதுசு வாங்கிவிடுங்கள், இப்போது மலிவு என்று அறிவுரை வேறு. பதினோரு நிமிடம். அதற்காக ஒரு நாள் லீவு! அவர் படி இறங்கி முடிப்பதற்குள் போனில் குறுஞ்செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.

மறுநாள் மார்க்கெட் பக்கம் போய் இரண்டு மீட்டர் கேபிள் ஒன்று வாங்கி வந்தேன். லாப்டாப்பைக் கூடத்துக்குத் தூக்கிவந்து ரௌட்டரில் மாட்டினேன். இணைப்பின் நிலையைக் காட்டும் 'எத்டூல்' அடித்தேன். வேகம் 1000, ஃபுல் டியூப்ளெக்ஸ், லிங்க் டிடெக்டட் யெஸ். பதினான்கு வயசு இயந்திரம் ஒரு நொடியில் எழுந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

பிறகு அந்தப் பழைய பிளக்கைக் கழற்றி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மேலுறை பிளக்குக்கு உள்ளேயே போகவில்லை. ஒரு விரற்கடை தூரம் எட்டுக் கம்பியும் அம்மணமாக வெளியே. ஆரஞ்சுக் கம்பி முனை வரை எட்டவே இல்லை, பாதியில் நிற்கிறது. நீலக் கம்பி பச்சைப் பாசி பூத்துக் கிடக்கிறது. அடித்த அன்றைக்கே அரைகுறை வேலை. அதைச் செய்த கை ஒன்று, என் இயந்திரத்தைக் குப்பையில் போடச் சொன்ன வாய் ஒன்று, இரண்டும் ஒரே கம்பெனி. படம் எடுத்து அனுப்பினேன். "புகார் ஏற்கெனவே முடிக்கப்பட்டது" என்று பதில்.

சரி, நெட் வந்ததே என்று பள்ளி விழாப் பதாகையின் வாசகத்தை அச்சுக்கடைக்கு அனுப்பினேன். இன்று போய் வாங்கிப் பார்க்கிறேன், 'சித்திரை'யில் ஐகாரக் கொம்பு ரகரத்துக்குப் பின்னால் தொங்குகிறது! 1998-ல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் மொழி வரிசையில் தமிழைக் கீழே இறக்கி அச்சடித்தார்கள் என்று தமிழ்ச் சமூகமே கொதித்து, அந்த நோட்டையே திரும்பப் பெறவைத்த ஊர் இது. கடைக்காரரிடம் விரலை வைத்துக் காட்டினேன். "எல்லா எழுத்தும் இருக்கிறதே மிஸ்யே" என்கிறார்!