உயிரோடு திரும்பி வந்தது குற்றமா?

முந்தாநாள் வந்த அந்த நேர்காணலைப் பற்றித்தான். பலரும் பார்த்திருப்பீர்கள், பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. போதைப்பொருள் கடத்திப் பிடிபட்டு, வெளிநாட்டுச் சிறையில் 11 வருடம் இருந்துவிட்டு வந்தவரிடம் "நல்லாத் தப்பிச்சிட்டீங்க" என்று சிரிக்கிறார் கேள்வி கேட்டவர். அந்த நேர்காணலுக்குக் கீழே கருத்து எழுதியவர்கள் ஒரு படி மேலே போய், "இவனையெல்லாம் அங்கேயே தூக்குல போட்டிருக்கணும்" என்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கடத்தியது குற்றம். பிடிபட்டார், தண்டனை கொடுத்தார்கள், முழுசாக அனுபவித்தார். உயிரோடு திரும்பி வந்தது குற்றம் இல்லை.

"பெட்டியில என்ன இருக்குன்னு தெரியாமலா கொண்டுபோவாங்க" என்று கேட்பீர்கள். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த மேரி ஜேன் வெலோசோ 2010-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா விமான நிலையத்தில் 2.6 கிலோ ஹெராயினோடு பிடிபட்டார். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் சொல்லிவந்தார். 2015-இல் மரண தண்டனையாகச் சுடப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார்கள், 2024 டிசம்பரில்தான் சொந்த நாடு திரும்பினார். சரி, அவரை விடுங்கள். என் தம்பியும் இப்படிப் பிடிபட்டு வெளிநாட்டுச் சிறையில் இருந்தவன்தான். எடுத்துப்போவது என்ன என்று அவனுக்குத் தெரியும். கடன் கழுத்தை நெரித்தபோது தெரிந்தேதான் எடுத்துப் போனான். அதை நான் மறைத்ததே இல்லை. தெரிந்து செய்தவனுக்காகவும்தான் பேசுகிறேன்.

தீர்ப்பு வாசித்த மொழி தம்பிக்குப் புரியவில்லை. வண்டியில் திரும்பும்போது பக்கத்தில் விலங்கோடு இருந்தவர் ஒன்பது விரலைக் காட்டினாராம். ஒன்பது மாதம் என்று நினைத்து இவன் சந்தோஷப்பட்டிருக்கிறான். ஒன்பது வருடம் என்று தெரிய இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. கைதாகும் வெளிநாட்டவரிடம், உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லலாம் என்று தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும், நாடுகளுக்கு இடையிலான 1963 வியன்னா ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அவனிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு விஷயம் வந்து சேர நாலு மாதம். அந்த நாலு மாதமும் அம்மா அவன் செத்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

சிறையில் பிழைக்க உடம்பில் தெம்பு இருந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். சோப்பு வாங்கப் பணம் அனுப்ப வெளியே ஒரு ஆள் வேண்டும். காய்ச்சல் என்று காவலரிடம் சொல்ல ஒரு வார்த்தை தெரிய வேண்டும். முதல் வருடம் அவனிடம் இரண்டுமே இல்லை.

"ஹீரோ ஆக்காதே" என்கிறார்கள். யார் ஆக்கினார்கள்?

"அந்தத் தூளால் அழிந்த குடும்பங்கள்?" இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் வந்து என் தம்பியைத் திட்டினால் அவனோடு நானும் தலை குனிந்து நிற்பேன். ஆனால் எழுதுகிற நீங்கள் அந்தத் தாய் இல்லை. கொடுத்தனுப்பியவனைப் பற்றி உங்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லையே! சிங்கப்பூரில் பிடிபட்ட மலேசியர் நாகேந்திரன் தர்மலிங்கம் தொடையில் கட்டிக்கொண்டு போனது 42.72 கிராம் ஹெராயின். அறிவுத்திறன் அளவு (ஐ.க்யூ.) 69, சராசரியைவிட ரொம்பக் குறைவு என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். அங்கே 15 கிராமைத் தாண்டினாலே பெரும்பாலும் மரண தண்டனைதான், 2022 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். அவரும் திரும்பி வந்திருந்தால் இதே வார்த்தைகளைத்தானே எழுதியிருப்பீர்கள்? திரும்பி வந்தது குற்றம் இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

அங்கே காலையும் மாலையும் வரிசையில் நின்று தன் எண்ணை அந்த ஊர் மொழியில் கத்த வேண்டுமாம். தம்பி முதலில் கற்றுக்கொண்டது எண்கள்தான். வந்து மூன்று வருடம் ஆகிறது, இன்றும் எதை எண்ணினாலும் அந்த மொழியில்தான் எண்ணுகிறான். நேற்று ராத்திரி நீங்கள் எழுதியதையெல்லாம் அவனும் படித்தான். தூக்கில் போடச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். நான் போனைப் பிடுங்கி வைத்தேன்.