படிக்க முடிகிறவர் வேலைக்கும் போகலாமே என்று கேட்பவர்களுக்கு

சென்ற மாதம் முகவரியை மாற்றுவதற்காகப் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். படிவத்தில் 'தொழில்' என்றிருந்த கட்டத்தில் என்ன எழுதுவது என்று சிறிது நேரம் தயங்கிவிட்டு, 'பகுதி நேர மாணவி' என்று எழுதிக் கொடுத்தேன். முகப்பில் இருந்த பெண் அதைப் படித்தார். நோயினால் நான் ஓய்வூதியம் பெறுகிற விவரத்தையும் கணினியில் பார்த்தார். பிறகு, மனத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "படிக்க முடிகிறதென்றால் வேலைக்கும் போகலாமே, அக்கா?" என்று மலாயில் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் ஃபெரியில் உட்கார்ந்துகொண்டுதான் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை யோசித்தேன். இதே கேள்வியை என் பெரியம்மாவும், தண்ணீர்மலைக் கோயிலில் பார்த்த பழைய தோழி ஒருத்தியும் முன்பே கேட்டிருக்கிறார்கள் என்பதால், அந்தப் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் அளவு மீறிப் பொங்கிச் சில காலம் அடியோடு சோர்ந்துபோகும் நோய், இருப்பது 2016இல் உறுதியானது. அதற்கு முன்பும் பின்புமாக பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் மொத்தம் 11 ஆண்டுகள் வேலை செய்தேன். மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகு, 2019இல் வேலையை விட வேண்டியதாயிற்று. இப்போது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் செயலிழப்பு ஓய்வூதியம் வருகிறது. ஊரில் 'ஈலாட்' என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் பணமன்று. நான் உழைத்த காலமெல்லாம் என் சம்பளத்தில் பிடித்த சந்தாவும் முதலாளி கட்டிய சந்தாவும் சேர்ந்து எனக்கு வாங்கிக் கொடுத்த உரிமை அது. 2022 முதல் ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறேன், ஒரு பருவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பாடங்கள் என்ற கணக்கில்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்பதைப் பார்ப்போம். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் செயலிழப்பை வருமானத்தை வைத்தே அளக்கிறது: நிரந்தரமான அல்லது குணப்படுத்த முடியாத நோயால், நலமாக உள்ள ஒரு தொழிலாளி வழக்கமாக ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஒருவரால் ஈட்ட முடியாதா என்பதுதான் அங்கே கேள்வி. அவர் புத்தகத்தைத் திறக்கிறாரா, சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறாரா என்பது அந்த அளவுகோலில் வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியவர்கள், நோயாளி எதுவுமே செய்ய இயலாமல் கிடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. சட்டம் விட்டுவைத்த அந்த இடத்தைக் கேள்வி கேட்பவர்களின் கண்தான் மூடுகிறது.

படிப்புக்கும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை என் வீட்டு மேசையில் வைத்துக் காட்ட முடியும். இரவு மாத்திரைகளின் மயக்கம் காலை ஒன்பதரை வரை இறங்காது. பத்து மணிக்கு மேசையில் உட்காருவேன். இந்த நோய்க்கு நான் உட்கொள்ளும் லித்தியம் என்ற மருந்து தரும் நடுக்கம் வலது கையில் எப்போதும் இருக்கும். பென்சிலால் எண்களை எழுதும்போது 7 எது, 1 எது என்று எனக்கே குழப்பம் வரும் என்பதால், 7க்கு நடுவில் ஒரு சிறு கோடு போடப் பழகிக்கொண்டேன். தாகம் அடங்காததால் பக்கத்திலேயே ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டி இருக்கும். பன்னிரண்டு மணிக்கு வரி மங்கும். ஒரே வரியை மூன்று முறை படித்தால் புத்தகத்தை மூடிவிட வேண்டும் என்பது எனக்கும் என் மருத்துவருக்கும் உள்ள ஒப்பந்தம். நல்ல வாரத்தில் இப்படி நான்கு நாள் கிடைக்கும். மோசமான வாரத்தில் ஒரு நாளும் கிடைக்காது. புத்தகம் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. மாதக் கடைசியில் கணக்கை முடிக்க வேண்டிய ஓர் அலுவலகம் அப்படிக் காத்திருக்காது, காத்திருக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தேய்மானத்தைப் பற்றிய ஓர் இடுபணியை இரவு பதினொன்றுக்குத் தொடங்கி, விடியும்வரை பதினான்கு பக்கம் எழுதினேன். கை நடுங்கியது, ஆனால் மனம் ஓடிய வேகத்தில் அது தெரியவேயில்லை. மறுநாளும் தூக்கம் வரவில்லை; அடுத்த பருவத்தில் ஐந்து பாடம் எடுக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கங்களை எண்ணிப் பார்த்தார், மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார், மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்த ஓர் இரவை மட்டும் பார்த்திருந்தால், இவளைப் போல உழைப்பவர் யார் என்று எவரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த உழைப்பேதான் நோய். நான் அந்தப் பாடத்தை ஒத்திவைத்தேன். ஒரு மின்னஞ்சலும் மருத்துவரின் கடிதமும் போதுமாக இருந்தன. 2018இல் இதே போன்ற ஒரு வாரம் வேலையிடத்தில் வந்தபோது, அது மருத்துவமனையில் போய்தான் முடிந்தது. ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு செய்தார் என்பதை வைத்து மனநோயை எடை போட முடியாது என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு சான்று என்னிடம் இல்லை.

என்னைவிடக் குறைவாகப் பெறுகிறவர்களின் நிலை இன்னும் கடினம். சந்தா கட்டும் வாய்ப்பே இல்லாமல் இளம் வயதில் நோய் கண்டவர்களுக்குச் சமூகநலத் துறையின் உதவிதான் கதி. மாற்றுத்திறனாளி அட்டை, அதாவது ஓகேயூ அட்டை, மனநல வகையில் கிடைக்க மனநல மருத்துவரின் சான்று வேண்டும்; குறைந்தது இரண்டு ஆண்டு சிகிச்சையும் முடிந்திருக்க வேண்டும். அட்டை வந்த பிறகு வழி இரண்டாகப் பிரிகிறது. வேலை செய்து குறைந்த வருமானம் பெறுகிறவருக்கு ஓர் உதவித்தொகை. வேலை செய்ய இயலாதவருக்கு வேறொன்று. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முதலாவது மாதம் 400 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 450க்கும், இரண்டாவது 250 வெள்ளியிலிருந்து 300க்கும் உயர்ந்தன. ஒருவர் 'இயலாதவர்' என்ற கரையிலிருந்து 'வேலை செய்பவர்' என்ற கரைக்குப் போக வேண்டுமென்றால், நடுவில் அவர் எங்கே நிற்பார்? படித்துக்கொண்டு, மெல்லத் தன் நேரத்தைக் கூட்டிப் பார்க்கும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பெயரே இல்லை. அதனால்தான் பலர் படிப்பை மறைக்கிறார்கள், அல்லது படிப்பதே இல்லை. மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் எனக்குப் பழக்கமான ஒரு தம்பி, சான்றிதழ் வகுப்பில் சேர இடம் கிடைத்தும், முந்நூறு வெள்ளி நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் போகாமலே இருந்துவிட்டார். நின்றுவிடும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நிற்காது என்றும் யாரும் சொல்லவில்லை.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரைப் பொதுக் கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு ஒப்பந்தத்தை மலேசியா 2010இல் ஏற்றது. அதன் 24ஆம் உறுப்பு வாழ்நாள் கல்வியைப் பேசுகிறது. ஆனால் நம் சட்டத்தில் மீறுபவருக்குத் தண்டனை கிடையாது. ஆகவே அது முகப்பில் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு எதிராக யாருக்கும் துணை நிற்பதில்லை. சொக்சோவே 2007இல் மீண்டும் பணிக்குத் திரும்பும் திட்டத்தைத் தொடங்கியது. நோயுற்றவர் படிப்படியாக எழ முடியும் என்ற நம்பிக்கை அந்த அமைப்புக்கு இருக்கிறது என்பதை நான் மதிக்கிறேன். அந்தப் படிகளில் கல்வியும் ஒரு படியாக எண்ணப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் கேட்பது பெரிய காரியமும் இல்லை. எனக்கு வந்த எந்தப் படிவத்திலும் படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இருந்ததில்லை. பகுதி நேரமாகப் படிப்பது உதவித்தொகையைப் பாதிக்காது என்று ஒரு வரியை, மலாயிலும் தமிழிலும் சீனத்திலும், படிவத்தில் அச்சிட்டால் போதும். அதை முகப்பில் இருப்பவரும் படிப்பார். மருத்துவமனைகளிலும் மனநலச் செவிலியர்கள் நோயாளிகளிடம் வேலையைப் பற்றிக் கேட்பதோடு படிப்பைப் பற்றியும் கேட்டால், அந்தத் தம்பியைப் போன்றவர்கள் வாய் திறப்பார்கள்.

எனக்குப் பட்டம் முடிய இன்னும் நான்கு ஆண்டுகளாவது ஆகும். முடிந்த பிறகு முழுநேர வேலைக்குப் போவேனா என்று கேட்டால், தெரியாது என்பதே நேர்மையான பதில். வாரத்துக்குச் சில மணி நேரம், வீட்டிலிருந்து, சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதலாம் என்று நினைத்திருக்கிறேன். அப்படி ஈட்டத் தொடங்கினால் முறைப்படி தெரிவிப்பேன். வரும் பருவத்துக்கு ஒரே ஒரு பாடம் பதிந்திருக்கிறேன்: தணிக்கை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு மருத்துவரிடம் கடிதம் வாங்க வியாழக்கிழமை போகிறேன். அன்றைக்கே லித்தியத்துக்கான இரத்தப் பரிசோதனையும் இருக்கிறது.