மாதக் கட்டணம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்களே, அது எந்த ஊர் மாதம்?

வெப் ஹோஸ்டிங், அதாவது இணையதளத்தை வைக்க சர்வரில் இடம், விற்கும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நடுவில் பெரிதாக ஒரு தொகை. அதன் தலையில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு நட்சத்திரக் குறி. அது எதற்கு என்று பக்கத்தின் அடிவரை உருட்டிப் போனால்தான் தெரியும், மாதக் கட்டணம் என்று போட்டது மாதாமாதம் கட்டுகிற கட்டணமே இல்லை என்று. 48 மாதத்துக்கும் சேர்த்து இன்றைக்கே மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை. ஒரு வருஷத்துக்கு எடுத்தால் ஏறும். நிஜமாகவே மாதாமாதம் கட்டுகிறேன் என்றால் இன்னும் ஏறும்.

கணக்குப் போட்டே பாருங்கள். விளம்பர விலை 100 என்று வைத்துக்கொள்வோம். 48 மாதத்துக்கு 4,800, வரி தனி. அந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கும்போது 'வழக்கமான விலை' என்ற ஒன்று வெளியே வரும். அது பெரும்பாலும் மூன்று மடங்கு, நான்கு மடங்கு. 350 என்றே வையுங்கள். அடுத்த 48 மாதத்துக்கு 16,800. எட்டு வருஷத்துக்கு மொத்தம் 21,600, அதாவது மாதம் 225. அந்த 225-ஐப் போடுங்களேன் கொட்டை எழுத்தில்! போட மாட்டார்கள். போட்டால், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை 200 மட்டுமே வாங்குகிற நேர்மையான ஆள்தான் மலிவு என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். அந்த ஆள் இப்போது விலைப் பட்டியலில் 'காஸ்ட்லி' என்ற பெயரோடு கீழே கிடக்கிறார். இதுதான் வயிற்றெரிச்சல்.

அதனால் ஹோஸ்டிங் பார்க்கிறவர்கள் முதலில் தேட வேண்டியது புதுப்பிப்பு விலை. 'இலவச டொமைன்' (தளத்தின் இணையப் பெயர்) என்பதும் முதல் வருஷத்துக்கு மட்டும்தான். இரண்டாம் வருஷம் அந்த டொமைனுக்கு என்ன வாங்குவார்கள் என்பதையும் அதோடு பார்த்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கேட்டால், பல இடங்களில் அந்த 'இலவச' டொமைனின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். கழிக்கிற பொருளுக்கு இலவசம் என்று என்ன பெயர்?

அடுத்து கூடைப் பக்கம். நீங்கள் கேட்காமலே நான்கைந்து பெட்டிகளில் டிக் விழுந்திருக்கும். எஸ்.எஸ்.எல் சான்றிதழ் (தளத்துக்கும் வருகிறவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டுவது), டொமைன் வைத்திருப்பவர் விவரத்தை மறைக்கும் தனியுரிமைப் பாதுகாப்பு, பேக்கப், தீம்பொருள் காவல், தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் ஏதோ ஒன்று. எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக யோசியுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்து எஸ்.எஸ்.எல் சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. ஒவ்வொன்றும் குறுகிய காலமே செல்லும், ஆனால் சர்வரே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஒரு சாதாரணத் தளத்துக்கு இதுவே தாராளம். 'விலை கொடுத்து வாங்கும் சான்றிதழில்தான் நம்பிக்கை' என்று சொல்லி விற்பதைக் கேட்டால் ரத்தம் கொதிக்கிறது. நிறுவனத்தின் பெயரை முகவரிப் பட்டையில் தனியாகக் காட்டும் வழக்கத்தைக் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2019-லேயே விட்டுவிட்டன. வருகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். டொமைன் தனியுரிமையும் அப்படித்தான். 2018-க்குப் பிறகு டாட் காம் போன்ற பொது டொமைன்களில் தனிநபர் விவரம் பெரும்பாலும் வெளியே காட்டப்படுவதில்லை, பல பதிவாளர்கள் (டொமைனைப் பதிந்து விற்பவர்கள்) மறைப்பு வசதியையும் சும்மாவே தருகிறார்கள். இலவச எஸ்.எஸ்.எல்லைத் தர மறுக்கும் ஹோஸ்டிங் என்றால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடலாம்.

இப்போது அந்த மாபெரும் பொய்க்கு வருவோம்: 'அன்லிமிடெட்'. இடம் அளவில்லை, டிராஃபிக் அளவில்லை என்பார்கள். அளவு இருக்கிறது, வேறு பெயரில். முதலாவது ஐநோட். ஒவ்வொரு கோப்பும் ஒரு ஐநோட், ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு ஐநோட். அதே கணக்கில் மின்னஞ்சலும் வைத்திருந்தால், பெரும்பாலான சர்வர்களில் ஒவ்வொரு அஞ்சலும் தனிக் கோப்பு. தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவிய அன்றைக்கே சில ஆயிரம் கோப்புகள் வந்து உட்காரும். அதன் வழக்கமான அமைப்பில் 2560 பிக்சலைவிடப் பெரிய படம் ஒன்றை ஏற்றினால் 150, 300, 768, 1024, 1536, 2048 என்று ஆறு அளவு, சுருக்கிய பெரிய பிரதி ஒன்று, மூலப்படம் ஒன்று என மொத்தம் எட்டுக் கோப்பு. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் சேர்க்கும் அளவுகள் தனி. இடம் காலியாகக் கிடக்கும்போதே 'ஐநோட் வரம்பு தாண்டிவிட்டது, பெரிய பிளானுக்கு மாறுங்கள்' என்று கடிதம் வரும்.

இரண்டாவது என்ட்ரி பிராசஸ். கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும், பலரின் தளங்கள் ஒன்றாக இருக்கும் பகிர்வு சர்வர்களில் ஒரே நேரத்தில் இத்தனை கோரிக்கைதான் உள்ளே நிற்கலாம் என்று ஒரு கட்டு உண்டு. அது 20 என்று வையுங்கள். ஒரு பக்கத்தை உருவாக்க, வேர்ட்பிரஸின் நிரல்மொழியான பிஎச்பிக்கு 2 விநாடி பிடித்தால் விநாடிக்கு 10 பக்கம் தரலாம். கனமான பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) நாலைந்தைப் போட்டு அது 5 விநாடி ஆனால் விநாடிக்கு 4 பக்கம்தான். அதற்கு மேல் வருகிறவருக்கு 508 பிழை, 'ரிசோர்ஸ் லிமிட்' என்ற வெள்ளைப் பக்கம். தளம் படுத்துவிட்டதாகப் பதறி ஆதரவுப் பிரிவில் கேட்டால், அங்கேயும் பெரிய பிளானைத்தான் நீட்டுவார்கள். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பக்கத்தைத் திறந்தால் எந்த வரம்பில் முட்டியது என்று தெளிவாகத் தெரியும். பெரும்பாலும், உருவாக்கிய பக்கத்தைச் சேமித்துவைத்து மறுபடி தரும் கேஷ் பிளக்இன் ஒன்றைப் போட்டாலே தீர்ந்துபோகிற விஷயம். வாங்கும் முன்பே ஐநோட் எத்தனை, என்ட்ரி பிராசஸ் எத்தனை, நினைவகம் எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள். எண்ணைச் சொல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

இதெல்லாம்கூட, நிஜமாகவே வேர்ட்பிரஸ் தேவைப்படுகிறவர்களுக்கு. முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், படங்கள், தொடர்பு என ஐந்தே பக்கம், வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும் தகவல். இதற்கு எதற்கய்யா டேட்டாபேஸ்? எதற்கு பிஎச்பி? வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாகச் செய்தால் கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாகவே வைக்கலாம்: தளம் 1 ஜிபி வரை, மாத டிராஃபிக் சுமார் 100 ஜிபி வரை. இணையக் கடை நடத்த மட்டும் அது இடமில்லை. அதே மாதிரி இன்னொரு சேவையான கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இலவசக் கணக்கில் 20,000 கோப்பு வரை, ஒரு கோப்பு 25 எம்பி வரை. பக்கம் 2 எம்பி, தினம் 100 பேர், ஆளுக்கு 3 பக்கம் என்றால்கூட மாதம் 18 ஜிபிதான். படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி என்ற சிறிய கோப்பு வடிவில் சேமித்தால் அதில் பாதிகூட வராது. கையிலிருந்து போவது டொமைன் காசு ஒன்றுதான். இந்த வழி இருக்கிறது என்பதை எந்த விற்பனைப் பக்கமாவது சொல்கிறதா?

செய்வதும் பெரிய வித்தையில்லை. முகப்புக் கோப்புக்கு இண்டெக்ஸ் என்று பெயர் வைத்து ஃபோல்டரின் மேல்மட்டத்தில் வையுங்கள். கிட்ஹப் அமைப்பில் முதலில் உங்கள் டொமைனைச் சேர்த்துவிட்டு, அதன் பிறகு டி.என்.எஸ்ஸைத் தொடுங்கள், அதாவது டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் முகவரிப் புத்தகத்தை. வரிசையை மாற்றினால் நடுவில் வேறு யாராவது அந்தப் பெயரைத் தன் பக்கத்துக்குப் பொருத்திக்கொள்ள வழி உண்டு. டபிள்யூடபிள்யூடபிள்யூ-வுக்கு ஒரு சிநேம் ரெக்கார்டு, அதாவது இன்னொரு பெயரைக் காட்டும் வரி. டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத வெறும் டொமைனுக்கு சிநேம் போடக்கூடாது, 185.199.108.153 முதல் 185.199.111.153 வரை (மூன்றாம் எண் மட்டும் ஒவ்வொன்றாகக் கூடும்) நான்கு ஏ ரெக்கார்டுகள், அதாவது சர்வரின் எண் முகவரியைக் காட்டும் வரிகள். சான்றிதழ் வந்ததும் எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்ற பெட்டியில் டிக். முடிந்தது.

டி.என்.எஸ் என்றதும் இன்னொரு ஆத்திரம். 'எங்கள் நேம்சர்வருக்கு மாற்றிவிடுங்கள், 48 மணி நேரம் பொறுங்கள்.' எல்லோரும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லும் இந்த ஒரே வரியால் எத்தனை அலுவலகங்களில் மின்னஞ்சல் செத்திருக்கிறது! நேம்சர்வர் என்பது உங்கள் டொமைனின் டி.என்.எஸ் விவரத்தை வைத்திருக்கும் சர்வர். அதை மாற்றுவது ஒரு வரியைத் திருத்துவது இல்லை, முகவரிப் புத்தகத்தையே வேறு புத்தகமாக மாற்றுவது. அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும், பழையதில் இருந்த எம்எக்ஸ் ரெக்கார்டு புதியதில் இருக்காது. தளம் அழகாகத் திறக்கும், அஞ்சல் மட்டும் வந்து சேராது. வராத அஞ்சல் வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? தளத்தை மட்டும் மாற்ற வேண்டுமானால் நேம்சர்வரைத் தொடாமல் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுங்கள். முந்தின நாளே அதன் டிடிஎல்லை (பழைய பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடி ஆக்கிவைத்தால் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலானவர்களுக்குப் புது சர்வர் திறந்துவிடும். அந்த 48 மணி நேரம் வானத்திலிருந்து குதித்ததும் இல்லை. டாட் காமின் மேல்மட்ட சர்வர்களில் நேம்சர்வர் தகவலின் டிடிஎல் 172800 விநாடி, அதாவது இரண்டு நாள். நேம்சர்வரையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஏ, சிநேம், எம்எக்ஸ், டிஎக்ஸ்டி என எல்லா ரெக்கார்டையும் புதிய இடத்தில் எழுதி முடித்துவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

தொடர்புப் படிவமும் இப்படித்தான் ஊமையாகச் சாகும். வருகிறவர் தரும் முகவரியையே அனுப்புநராகப் போட்டு அனுப்பும் படிவம், அனுப்புநர் போலியா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் தோற்றுப் போகும். அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரியாக இருக்கட்டும், வருகிறவரின் முகவரி பதில் முகவரியில் இருக்கட்டும். அஞ்சல் சர்வரில் உள்நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி வழியாக அனுப்புங்கள். உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) இல்லாத அஞ்சலிடம் கடுமை காட்டுகின்றன.

சின்னச் சின்ன இடறல்கள் வேறு. கணினியில் தெரிந்த படம் தளத்தில் தெரியவில்லையா? லினக்ஸ் சர்வருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, கோப்புப் பெயரைப் பாருங்கள். அனுமதிப் பிழைக்கு '777 போடு' (யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி எண்) என்று எவன் சொன்னாலும் கேட்காதீர்கள். ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644. தளத்துக்கு முன்னால் இடைச்சேவையாகக் கிளவுட்ஃபிளேர் போட்டதும் பக்கம் திறக்காமல் முடிவில்லாமல் திருப்பி அனுப்புகிறது என்றால் எஸ்எஸ்எல் முறை 'ஃபிளெக்சிபிள்' என்று இருக்கும், சர்வரில் சான்றிதழ் போட்டு 'ஃபுல் ஸ்டிரிக்ட்' ஆக்குங்கள். டேட்டாபேஸில் தமிழ் எழுத்து முழுக்கக் கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அது போனது போனதுதான், மீட்க முடியாது. இடம் மாற்றும் முன்பே எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்8எம்பி4 என்று அமைத்துவிடுங்கள்.

பேக்கப்? தினசரி பேக்கப் என்று விளம்பரம், ஒப்பந்த விதிகளிலோ பேக்கப் எடுப்பது வாடிக்கையாளர் பொறுப்பு. கோப்புகளையும் டேட்டாபேஸின் எஸ்க்யூஎல் பிரதியையும் மாதம் ஒரு தடவையாவது உங்கள் கணினிக்கு இறக்குங்கள்.

எல்லாவற்றிலும் கொடுமை, தளம் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவைத்திருப்பது. காசு கொடுத்தது நீங்கள், பெயர் அவருடையது. அவர் போனை எடுக்காத அன்றைக்குத்தான் அது உறைக்கும். டொமைனை ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்து, தனிப் பதிவாளரிடம், உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வாங்குங்கள். முதல் 60 நாள் பொதுவாக வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது. பதிந்ததும் வரும் சரிபார்ப்பு அஞ்சலுக்கு 15 நாளுக்குள் பதில் தராவிட்டால் டொமைனை முடக்குவார்கள். டாட் காம் காலாவதியானால் பதிவாளர் தரும் அவகாசம் அதிகபட்சம் 45 நாள், அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனி அபராதம். பிறகு 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பதிவாளர் கணக்குக்கு உங்கள் டொமைனிலேயே உள்ள மின்னஞ்சலைக் கொடுத்துவிடாதீர்கள். டொமைன் காலாவதியாகி முடக்கப்பட்டதும் அந்த அஞ்சல்பெட்டியும் நின்றுபோகும், அதற்குப் பிறகு வரும் எச்சரிக்கை எதுவும் உங்கள் கண்ணில் படாது.