தலைசுற்றினால் உப்புத் தண்ணீரா?

“தலை சுற்றுகிறதா? பிரஷர் இறங்கிவிட்டது. ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால் ரத்த அழுத்தம் காரணமாக இருக்கலாம். அதையும் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். படுக்கையில் புரண்டதும் அறையே சுழல்வது வேறு கதை. அதற்கு மிகச் சாதாரணமான காரணம் உள்காதில் இருக்கிறது. அங்குள்ள நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம் மாறி தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழாய்களுக்குள் போய்விடுகின்றன. சுற்றல் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், தலையை அசைத்தால் திரும்ப வரும். உப்புக்கு இதில் வேலையே இல்லை! மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அந்தத் துகள்களைப் பழைய இடத்துக்கே அனுப்புவார். எப்லி முறை என்று பெயர். மாத்திரைகூட பெரும்பாலும் தேவைப்படாது.

உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்புத் தண்ணீர் கெடுதல். உள்காதைப் பாதித்துத் தலைசுற்றலைத் தரும் மெனியர் நோய்க்கோ உப்பைக் குறைக்கத்தான் சொல்வார்கள்.

சுற்றலோடு பேச்சுக் குழறல், முகக் கோணல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், நடக்கவே முடியாமை இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

சந்தேகமிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை இணையதளத்திலும் இந்த விவரங்கள் இருக்கின்றன. அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.