மூன்று இரவுக்குக் குறில், ஐந்து இரவுக்கு நெடில்

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் வேன் வைத்துச் சுற்றுலா நடத்தும் என் அண்ணனுக்கு ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆட்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். "விளம்பரத்த இங்கிலீஷ்ல நீதானே எழுதிக் குடுத்த, அவங்க பாஷைக்கும் நீயே ஆள் பாரு" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

முதலில் கிடைத்த மொழிபெயர்ப்பாளர் மலிவு. ஒரு கேள்விகூடக் கேட்காமல் இரண்டே நாளில் முடித்து அனுப்பினார். எனக்கும் சந்தோஷம்தான். அண்ணனின் பழைய வாடிக்கையாளர், பிராட்டிஸ்லாவாக்காரர், படித்துவிட்டு "புரியுது, ஆனா பாதி செக் மொழி" என்றார். செக்கும் ஸ்லோவாக்கியாவும் 1993-ல் பிரிந்த நாடுகள், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும். ஆனால் புரிவது வேறு, நம்பிக் காசு கட்டுவது வேறு. நம் ஊர் மலாயில் 'பெர்ச்சுமா' என்றால் இலவசம், இந்தோனேசியாவில் வீண். காலைச் சாப்பாடு வீண் என்று விளம்பரம் போட்டால் யார் வருவார்கள்?

அதைவிட வேடிக்கை இரவுக் கணக்கு. ஸ்லோவாக்கில் இரண்டு முதல் நான்கு இரவு வரை 'நொத்சி', ஐந்திலிருந்து 'நொத்சீ'. எழுத்தின் மேல் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். எங்கள் விலைப்பட்டியலில் எல்லா இரவும் குறிலாகவே இருந்தது. குறில் நெடில் பார்த்து வளர்ந்த நமக்கு இது உறுத்த வேண்டாமா!

முத்திரை குத்தும் அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பாளரைப் பிடி என்று சிலர் சொன்னார்கள். அது பிறப்புப் பத்திரம், நீதிமன்றக் காகிதம் போன்றவற்றுக்கு. நமக்கு வேண்டியது ஸ்லோவாக்கைத் தாய்மொழியாகக் கொண்டவர், சுற்றுலா எழுத்தில் பழகியவர். அப்படி ஒரு பெண்மணி கிடைத்தார். அங்கே சொல் கணக்கு இல்லை, இடைவெளியோடு 1,800 எழுத்து ஒரு பக்கம் என்று கணக்குப் போடுகிறார்கள். தொகையைப் பார்த்து அண்ணன் முகம் சுருங்கியது உண்மை.

வேலை தொடங்குமுன் அவர் அனுப்பியது பதினான்கு கேள்விகள். கொடிமலையில் ஏறும் வண்டி எஞ்சின் இழுக்கும் ரயிலா, கம்பிவடம் இழுப்பதா? நான் 'ஹில் டிரெயின்' என்று எழுதியிருந்தேன். அவர்கள் தாத்ரா மலையில் 1908 முதல் கம்பிவட வண்டி ஓடுகிறதாம், நம்முடையது 1923. ரயில் என்று போட்டால் ஸ்லோவாக்கியருக்கு வேறு படம்தான் மனதில் வரும். பத்துமலைக்கு நான் எழுதியிருந்த 'பத்து கேவ்ஸ்' என்ற பெயரில் கேவ்ஸ் என்பதை மொழிபெயர்க்கட்டுமா என்றும் கேட்டு, பதிலையும் அவரே சொன்னார்: பெயர் அப்படியே இருக்கட்டும், ஸ்டேஷன் பலகையில் பத்து கேவ்ஸ் என்றுதானே இருக்கும், குகை என்பதைப் பக்கத்தில் விளக்குகிறேன் என்று. (மலாயில் 'பத்து' என்றால் கல். நம் காதில் அது எண்ணாக விழுகிறது, நாம் மட்டும் என்ன ஒழுங்கு!)

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: விலையைக் கேட்குமுன் ஒரு பக்கத்தை அனுப்பிவிட்டு, அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். ஒன்றுமே கேட்காதவரிடம் கொடுக்காதீர்கள்.

பதினான்காவது கேள்வி, நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றின் பெயரில் 'கண்டார்' என்றால் என்ன? முப்பது வருடமாகச் சாப்பிடுகிறேன், தெரியவில்லை. அண்ணனிடம் கேட்டேன். "சாப்பிடத் தெரிஞ்சா போதாதா" என்றார். அப்புறம் கடைக்காரப் பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது: அந்தக் காலத்தில் சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் கழியின் இரு முனையில் கட்டி, காவடி மாதிரித் தோளில் சுமந்து விற்றார்களாம். அந்தக் கழிதான் கண்டார்.

பதிலை அனுப்பினேன். "காவடி என்றால்?" என்று பதினைந்தாவது கேள்வி வந்திருக்கிறது.