கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது

"தூத்துக்குடிக் கல்லுப்பு கடல்நீரில் விளைந்ததுதானே, அதையே கரைத்துக் கடல்மீன் தொட்டியில் ஊற்றுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் உண்மை. உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக நகரும்போதே சுண்ணாம்புச் சத்தில் (கால்சியத்தில்) பெரும்பகுதி ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரோடு மெக்னீசியமும் போய்விடுகிறது. நம் கைக்கு வருவது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு, சாம்பாருக்கு அருமை. கரைத்து அளந்தால் அடர்த்திமானி கடல்நீருக்கு உரிய 1.025 என்று ஒழுங்காகவே காட்டும், ஏமாறுவது அங்கேதான். கடலில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்கின்றன. அவை இல்லாமல் பவளம் வளராது, மீனும் நெடுநாள் தாங்காது. மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையை வாங்குங்கள். பிறகு தொட்டி நீர் வற்றும்போது நன்னீரால் நிரப்புங்கள், உப்பு ஆவியாவதில்லை.