பள்ளத்தில் பம்பிங் ஸ்டேஷன் கட்டும் முன் எங்களையும் கேளுங்கள்

2024 டிசம்பர் 2. சாத்தனூர் அணையில் அதிகாலை 1,68,000 கன அடி திறந்துவிட்ட நாள். கடலூரில் அக்கா வீட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தோம். வாசலுக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை. அப்போதுதான் கக்கூஸிலிருந்து களக் களக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் கோப்பைக்குள் கறுப்புத் தண்ணீர் பொங்கி ஏறுகிறது. அக்கா ஒரு மணல் மூட்டையைத் தூக்கிப் போட்டு, அதன் மேல் அம்மிக்கல்லையும் வைத்தாள். நிற்கவில்லை. தென்பெண்ணை வாசல் வழியாக வந்தது அதற்கும் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

பாதாள சாக்கடையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம்முடைய மணல் பூமியில் செப்டிக் டேங்குக்குப் பத்தடி தள்ளி போர் போட்டுக் குடிக்கிறோம். சாக்கடைத் திட்டம் கட்டாயம் வேண்டும். எந்த இடத்தில் என்பதுதான் என் கேள்வி.

சாக்கடை சரிவில்தான் ஓடும். அதனால் எல்லாக் குழாயும் ஊரின் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகிறது. அங்கே சேர்வதை மோட்டார் வைத்து மேலே இறைக்கிற பம்பிங் ஸ்டேஷனும் அங்கேதான் வருகிறது: வாய்க்கால் ஓரம், ஏரி உள்வாய், ஆற்றுப் புறம்போக்கு. அங்கே நிலத்துக்குக் காசும் கொடுக்க வேண்டாம். ஆனால் வெள்ளமும் முதலில் அங்கேதானே வரும்! கரண்ட் போகும், மோட்டார் நிற்கும், மேன்ஹோல் மூடி வழியாக வெள்ளம் இறங்கும். குழாய் நிரம்பினால் எந்த வீடு பள்ளமோ அந்த வீட்டுக்குள் பொங்கும். சரி, மண் கொட்டி மேடாக்கிவிட்டுக் கட்டுகிறோம் என்பார்கள். அங்கே நின்ற தண்ணீர் எங்கே போகும்? பக்கத்துத் தெருவுக்குத்தான்.

ஒருமுறை இப்படி ஒரு திட்டத்துக்கு ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். "திட்டம் வேணுமா, வேணாமா?" என்றார்கள். எல்லோரும் கை தூக்கினோம். வரைபடம் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, "2015-ல அந்த எடத்துல மார் வரைக்கும் தண்ணி நின்னுது தம்பி. மோட்டார எவ்ளோ ஒசரத்துல வெப்பீங்க?" என்று கேட்டார். "அதெல்லாம் டிசைன்ல இருக்குங்க ஐயா" என்று உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

சட்டத்திலும் பெரிய ஓட்டை இருக்கிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், முன் அனுமதி வாங்க வேண்டிய திட்டங்களின் பட்டியலில் தொழிற்சாலைகளுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. ஊர்ச் சாக்கடைக்கான நிலையம் இல்லை. அதனால் அந்த அறிவிக்கையின்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. தண்ணீர் நிற்கிற நிலங்களைக் காக்க வேண்டிய 2017 சதுப்புநில விதிகளோ ஆற்றுப் படுகையையும் நெல் வயலையும் பாசனத்துக்காக வெட்டிய ஏரியையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நம் மாவட்டத்தில் தண்ணீர் நிற்கிற இடம் வேறு எது?

பக்கத்தில் புதுச்சேரியில், 2024 ஜூனில், ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறை வழியாக விஷவாயு ஏறி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை உட்பட மூன்று பேர் செத்துப்போனார்கள். அது வெள்ளத்தால் நடந்ததில்லை. ஆனால் குழாயில் கோளாறு என்றால் அது வீட்டுக்குள் வந்துதான் முடிகிறது என்பதை அன்றைக்குப் பார்த்தோம்.

இடத்தை முடிவு செய்யும் முன் கிராம சபையில், நகரமென்றால் பகுதி சபையில், வரைபடத்தை விரித்து வைக்க வேண்டும். 2015, 2021, 2024 வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்பதை அதில் குறித்திருக்க வேண்டும். மோட்டார் பேனலும் ஜெனரேட்டரும் அந்த அளவுக்கு மேலே இருக்க வேண்டும். பள்ளத் தெருக்களில் தண்ணீர் புகாத மேன்ஹோல் மூடி, வீட்டு இணைப்பில் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு. அந்த வால்வு ஒன்று இருந்திருந்தால் அக்கா அம்மிக்கல்லைத் தூக்கியிருக்க வேண்டாம்.

வெள்ளம் எந்த மடையை உடைத்துக்கொண்டு எந்தச் சந்தில் திரும்பும் என்பது குண்டு உப்பலவாடியிலும் கண்டக்காட்டிலும் நாணமேட்டிலும் இருப்பவர்களுக்கு மனப்பாடம். அவர்களைக் கேட்காமல் போடுகிற டிசைன் எப்படி முழுசாகும்?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். உங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளக் கோடு இன்னும் அழியாமல் இருந்தால், சுண்ணாம்பு அடிப்பதற்கு முன், டேப்பை வைத்துத் தரையிலிருந்து அளந்து ஒரு போட்டோ எடுங்கள். தெருப் பெயரும் வருடமும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அக்கா வீட்டில் மூன்றடி இரண்டு அங்குலம்.